லூபஸ் கிட்னிக்கு மாத்திரை: முதல் மூன்று வருடத்தைக் கடப்பது எப்படி

போன மாதம் திருப்புவனத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி முடிந்து, மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றி, மஞ்சப்பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, இம்புட்டையும் எத்தன நாளைக்கு முழுங்கணும்?" என்றாள். குறைந்தது மூன்று வருடம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காக" என்றாள்.

அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். ஒன்பது வருடமாக இந்த மாத்திரைகளோடு குடும்பம் நடத்துகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பாடு. அவர் எழுதித் தந்ததை வீட்டில் எப்படி நடத்துவது என்பதுதான் நம் பாடு. அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

1. முதலில் ஃபைலைத் திறங்கள்

லூபஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பின் மேலேயே பாய்கிறது. கிட்னியில் அது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வலைகளைப் பதம் பார்க்கிறது. ஓட்டை விழுந்த வடிகட்டியில் திப்பி இறங்குகிற மாதிரி, ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் இறங்கிவிடும். நீங்கள் பார்த்த நுரை அதுதான்.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிளாஸ்' என்று ரோமன் எண் போட்டிருப்பார்கள். 1 முதல் 6 வரை உண்டு. 3, 4 என்றால் அழற்சி வீரியமாக இருக்கிறது. 5 என்றால் புரதம் அதிகமாக ஒழுகும் வகை. இரண்டும் கலந்தும் வரும். நீண்ட கால மாத்திரை பெரும்பாலும் இந்த மூன்று கிளாஸுக்குத்தான். எண் பெரிதாக இருப்பதால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழாதீர்கள். நான் என்னுடைய 4-ஐப் பார்த்து, ஆறில் நாலு போய்விட்டது என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். 6 ஒன்றைத் தவிர, அது வகையைச் சொல்லும் எண். எத்தனை தூரம் கெட்டது என்று எண்ணும் எண் இல்லை.

ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: கிளாஸ், அன்றைய கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற அளவு), அன்றைய சிறுநீர்ப் புரத–கிரியேட்டினின் ரேஷியோ (புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டும் எண்). இனி எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.

2. ஏன் மூன்று வருடம்

மருத்துவம் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் தீயை அடக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டீராய்டு ஊசி, பிறகு ஸ்டீராய்டு மாத்திரை. கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் மாத்திரை நாளுக்கு 2 முதல் 3 கிராம் கொடுப்பார்கள். அதற்குப் பதில் சைக்ளோபாஸ்பமைடு ஊசியும் போடலாம். பலருக்கு அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு தடவை என்ற கணக்கில் போகும். இந்தக் கட்டம் மூன்று முதல் ஆறு மாதம்.

அதற்குப் பிறகுதான் நீண்ட கட்டம். மைக்கோபினோலேட்டைக் குறைந்த அளவில், நாளுக்கு 1 முதல் 2 கிராம், தொடர்வார்கள். அல்லது அசதியோபிரினுக்கு மாற்றுவார்கள். இரண்டு கட்டமும் சேர்த்து 36 மாதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிமுறை. பலருக்கு அதைத் தாண்டியும் போகும். வெளியே ஒன்றும் தெரியாத மாதங்களில் உள்ளே நீறு பூத்த நெருப்பாக இருக்கும் என்பதுதான் இத்தனை நீளத்துக்குக் காரணம்.

3. ஒவ்வொரு மாத்திரையையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள்

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். கடைக்குக் கடை அது மாறும். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்: எல்லோருக்கும் கொடுப்பது. எல்லா மருந்தும் நின்ற பிறகும் இது நிற்காது. நோய் திரும்புவதைக் குறைக்கும் மருந்து, வேலை காட்டவே சில மாதம் எடுக்கும். அளவு உடல் எடையைப் பார்த்துத்தான்: கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. 50 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 250. அதனால்தான் சிலருக்கு ஒருநாள் 200, மறுநாள் 300 என்று எழுதியிருப்பார்கள். எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் "இது மலேரியா மாத்திரையாச்சே, ஒங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும்.

பிரெட்னிசோலோன்: இதுதான் ஸ்டீராய்டு. காலையில் சாப்பிட்ட பிறகு. இரவில் போட்டால் கொட்டக் கொட்ட முழித்திருப்பீர்கள். முகம் உப்பும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துத் தருவார்கள். ஆறு மாதத்துக்குள் 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழேயோ இறக்கிவிடத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு சொந்தமாகச் சுரக்கும் ஸ்டீராய்டை மறந்திருக்கும். தலைசுற்றல், வாந்தி, பிரஷர் இறக்கம் என்று ஆளைச் சாய்த்துவிடும்.

மைக்கோபினோலேட்: காலை, இரவு, 12 மணி நேர இடைவெளி. முதல் மாதம் வயிற்றுப்போக்கு பலருக்கு வரும். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அளவைப் பிரித்துத் தருவார், அல்லது மைக்கோபினோலேட் சோடியத்துக்கு மாற்றுவார். இங்கே ஒரு குழி இருக்கிறது. சாதாரண வகையில் 500 மில்லிகிராமும் சோடியம் வகையில் 360 மில்லிகிராமும் ஒரே வேலையைச் செய்யும். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தந்தால், எண்ணைப் பார்த்து நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். சீட்டில் இருக்கும் வகையையே கேளுங்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் இதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

அசதியோபிரின்: தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ, வாயில் புண் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ரத்தம் பாருங்கள். சிலருடைய பரம்பரை வாகுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் வெள்ளணு சடசடவென்று இறங்கிவிடும். யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வாதத்துக்குத் தரும் அலோபூரினால், பெபுக்சோஸ்டாட் இரண்டும் இதோடு சேரவே கூடாது. வேறு டாக்டர் எழுதினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை: "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று சிலர் இதை மட்டும் விட்டுவிடுவார்கள். இது புரத ஒழுகலையும் குறைக்கிறது. வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிப்போன நாளில் மட்டும் இதைப் போடலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலருக்கு டாக்ரோலிமஸ் சேரும். பெலிமுமாப், வோக்ளோஸ்போரின் என்று புது மருந்துகள் 2020, 2021-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றன. பணத்தைப் பார்த்தால் நம்மில் பலருக்கு எட்டாக்கனி. பழைய மருந்திலேயே பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறோம்.

4. டப்பாவும் அலாரமும்

ஏழு நாள், மூன்று வேளை அறை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிரப்புங்கள். என் டப்பாவில் காலை அறை நிறைந்து மூடி மூடாது. மதிய அறையில் கால்சியம் ஒன்றே ஒன்று உருளும். கடையில் நிற்பவர்கள், பஸ்ஸில் அலைபவர்கள் ஒரு வேளை மாத்திரையைக் கைப்பையிலும் வையுங்கள். ஒரு வேளை மறந்து, அடுத்த வேளை நெருங்கிவிட்டதா? மறந்தது மறந்ததுதான். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

5. டெஸ்ட்

முதலில் மாதம் ஒருமுறை, அடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீர், ரேஷியோ, கிரியேட்டினின், ரத்த அணுக்கள், கல்லீரல், அவ்வப்போது லூபஸ் கிளம்புகிறதா என்று காட்டும் சி3, சி4, டி.எஸ். டி.என்.ஏ. என்ற ரத்த டெஸ்ட்கள். ரேஷியோவுக்குக் காலை முதல் சிறுநீர் நல்லது. மாதவிலக்கு நாளில் கொடுக்காதீர்கள், கணக்கு தப்பும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

ஒருமுறை அவசரத்துக்கு வேறு லேபில் கொடுத்தேன். ரிசல்ட் 480 என்று வந்தது. போன தடவை 0.52. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கை நடுங்க டாக்டர் வீட்டு நம்பரைத் தேடினேன். பக்கத்தில் நின்ற தம்பிதான் பேப்பரை வாங்கிப் பார்த்து, "அக்கா, இது மில்லிகிராம் கணக்கு" என்றான். 480 மில்லிகிராம் என்றால் 0.48 கிராம். நோய் குறைந்திருக்கிறது! எண்ணோடு சேர்த்து அலகையும் நோட்டில் எழுதுங்கள்.

டாக்டர் எதிர்பார்ப்பது ஏறத்தாழ இதுதான்: மூன்று மாதத்தில் புரதம் கால்வாசி குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதி, ஒரு வருடத்தில் 0.5-க்குக் கீழே. ஆரம்பத்தில் மிக அதிகமாக ஒழுகியவர்களுக்கு இன்னும் நாளாகும். அதற்காக மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

6. நன்றாக இருக்கும் மாதம்தான் கண்டம்

என் கதை. 14-வது மாதம், ரேஷியோ 0.4. மூட்டு வலி இல்லை, கால் வீக்கம் இல்லை. மேலூரில் சித்தி மகள் கல்யாணம். பந்தியில் ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "மருந்துதாண்டி ஒன்னயக் கெடுக்குது, எப்பிடி இருந்த புள்ள" என்றார். ஆல்பத்தில் என் முகம் பூசணிக்காய். வீட்டுக்கு வந்ததும் ஸ்டீராய்டை விட்டேன். மைக்கோபினோலேட்டைக் காலை மட்டும் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த டெஸ்ட்டையும் தள்ளிப் போட்டேன்.

நாலு மாதம் ஒன்றுமே ஆகவில்லை. ஐந்தாவது மாதம் ஒருநாள் காலை, தண்ணீர் ஊற்றிய பிறகும் நுரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினேன். அசையவில்லை. அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த தடம் காலில் பள்ளமாக இருந்தது. ரேஷியோ 3.1. மறுபடி ஊசி, மறுபடி 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு, மறுபடி பூசணிக்காய். மூன்று வருடக் கணக்கு முதல் நாளிலிருந்து ஆரம்பம்.

டாக்டர் திட்டவில்லை. "எந்தத் தேதியிலருந்து, எத்தனை மாத்திரை விட்டீங்கம்மா? சரியாச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. முழு அளவு சாப்பிட்டும் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து, இதைவிடக் கடுமையான மருந்துக்குப் போயிருப்பார். விட்ட மாத்திரையை மறைக்காதீர்கள்.

7. காய்ச்சல், அக்கி, அம்மை

இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி உட்கார வைக்கின்றன. அதனால் 100.4 டிகிரி காய்ச்சல் நமக்கு "நாளைக்குப் பாத்துக்கலாம்" விஷயமில்லை. அன்றைக்கே போக வேண்டும்.

மூன்றாவது வருடம் ஆடியில் வலது இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். மறுநாள் பட்டையாகக் கொப்புளம். அம்மா பார்த்ததும் "அக்கி" என்று விளாச்சேரியில் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் செங்காவியைக் குழைத்து இறகால் எழுதிக்கொண்டே, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நான் எழுதுனது ஒன் அம்மாவுக்காக இருக்கட்டும்த்தா. நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல மருத்துவ ஆலோசனைகளில் அது ஒன்று. அக்கிக்கான வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அளவையும் கிட்னியைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

அம்மை இன்னும் பெரிய விஷயம். நம் பக்கம் வாசலில் வேப்பிலை செருகினால் தண்ணீர் ஊற்றும் வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டோம். தெப்பக்குளம் மாரியம்மனை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அம்மை நுரையீரல் வரை போகும். வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்தாலே, உங்களுக்கு வரும் வரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். வேப்பிலை இருக்கட்டும், அதோடு போங்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் நமக்கு ஆகாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

8. வலி மாத்திரை, செட் மாத்திரை

மெடிக்கலில் "காய்ச்சல், உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால் பொட்டலத்தில் நாலு நிறத்தில் மாத்திரை வரும். அதில் டைக்ளோபினாக்கோ ஐபுப்ரோபெனோ ஒன்று கட்டாயம் இருக்கும். கிட்னிக்கு இவை எதிரி. வலிக்கு பாரசிட்டமால் மட்டும். நாட்டு மருந்து, லேகியம், செந்தூரம் எதுவானாலும் கிட்னி டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

9. கண்

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பல வருடம் போனால் சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கும். பார்வை மங்கும் வரை காத்திருந்தால் தாமதம். முதல் வருடத்துக்குள் ஒரு பரிசோதனை, ஐந்து வருடம் கடந்தபின் வருடா வருடம். கிட்னி வேலை குறைந்திருந்தால் ஐந்து வருடம் வரை காத்திருக்காமல் முன்னதாகவே. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. போனதும் "கண் மங்குது" என்று சொல்லாதீர்கள். மாத்திரையின் பெயர், எத்தனை வருடம், எத்தனை மில்லிகிராம் என்று சொல்லி, விழித்திரை ஸ்கேனும் பார்வைப் புல சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டீராய்டால் வரும் கண்புரையையும் கண் அழுத்தத்தையும் அதே நடையில் பார்த்துவிடுவார்கள்.

10. கல்யாணம், குழந்தை

திருப்புவனத்துப் பெண்ணிடம் அதிக நேரம் பேசியது இதைத்தான். லூபஸ் இருந்தால் குழந்தை கூடாது என்பது பழைய பேச்சு. கிட்னி குறைந்தது ஆறு மாதம் அமைதியாக இருந்த பிறகு, திட்டம் போட்டுப் பெற்றுக்கொள்கிறவர்கள் நிறைய.

திட்டம் என்ற சொல்தான் இங்கே முக்கியம். மைக்கோபினோலேட் கருவின் உறுப்புகளைக் கெடுக்கும். கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி அசதியோபிரினுக்கு மாற வேண்டும். மாறிய பிறகும் நோய் அடங்கி நிற்கிறதா என்று சில மாதம் பார்ப்பார்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில் வகைகளும் கர்ப்பத்துக்கு ஆகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடரலாம், தொடரவும் வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு அளவு கூடினால் கருமுட்டைகள் குறையும் என்பதால், ஊசிக்கு முன்பே குழந்தை ஆசையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதுவரை கருத்தடை அவசியம். எந்த முறை என்பதையும் டாக்டரே சொல்லட்டும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது. மாமியாரிடம் இதைப் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். வீட்டுக்காரரை ஒருமுறை டாக்டர் முன் உட்கார வைத்துவிடுங்கள். பாதிப் பாரம் இறங்கும்.

11. பணமும் கையிருப்பும்

பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, கோரிப்பாளையத்துக்குப் பக்கம். அங்கே சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், படுக்கையில் சேரும்போது எதெல்லாம் அதில் வரும் என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மருந்துப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். பத்து நாள் மருந்து மீதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். 2020-இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்று ஊரே பாய்ந்தபோது, எங்களுக்குக் கிடைக்காமல் அட்டைக்கு அட்டை எண்ணிச் சாப்பிட்டோம்.

12. உப்பும் வெயிலும்

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். அதற்குள் அப்பளம், ஊறுகாய், கருவாடு, பரோட்டா சால்னா எல்லாம் அடங்கும். ஆக, இதையெல்லாம் தின்றால் 5 கிராமுக்குள் அடங்காது. இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை குறைந்தவர்களும் டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது. வெயில் பட்டால் லூபஸ் கிளம்பும். குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன். அழகர் ஆற்றில் இறங்குவதை நான் இப்போது டிவியில் பார்க்கிறேன்.

13. நிறுத்துவது

அதற்கும் வரிசை உண்டு. பொதுவாக முதலில் ஸ்டீராய்டு இறங்கும், பிறகு மற்றது, எல்லாம் மெல்ல மெல்ல. சிலருக்கு நிறுத்துமுன் இன்னொரு பயாப்சி பார்ப்பார்கள். வெளியே அடங்கியது உள்ளேயும் அடங்கியதா என்று தெரிய வேறு வழி இல்லை. பயப்பட வேண்டாம், முதல் தடவை மாதிரிதான், சில மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். எனக்கு ஸ்டீராய்டு நின்று இரண்டு வருடம். மைக்கோபினோலேட் காலை ஒன்று, இரவு ஒன்றில் நிற்கிறது.

திருப்புவனத்துப் பெண்ணுக்கு வரும் செவ்வாய்க்கிழமை முதல் மாத டெஸ்ட். சிறுநீர் பிடிக்கும் டப்பாவை முந்தின நாளே வாங்கி வை, காலை முதல் சிறுநீர், மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டிருப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடு என்றேன்.

"அதையுமாக்கா?" என்றாள்.

அதையும்தான்.